வன்னி றோட்டுகளை வைத்து ஒரு றேஸ் கேம்: எந்த ஓட்டங்களைச் சேர்ப்பது, எவற்றை விடுவது?

கரைச்சிப்பக்கம் எழுதியது:

வணக்கம். கிளிநொச்சியில நாலு பேர் சேர்ந்து கோடோ 4.4 எண்ட கேம் கட்டுற மென்பொருளில ஒரு கார் ஓட்டக் கேம் கட்டுறம். இடம் முழுக்க வன்னிதான். பரந்தன் – முல்லைத்தீவு ஏ35, மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34, இரணைமடுவைச் சுற்றின கிரவல் ஒழுங்கைகள், நாயாற்றுப் பக்கக் கடற்கரை மணல், மாரியில சேறாப் போற வயல் றோட்டுகள். ஓடவேண்டியது 4 ஜிபி ராம் உள்ள சாதாரண அன்ட்ரொய்ட் ஃபோனில. ஸ்ரியறிங் சில்லு வைச்சிருக்கிற ஆக்கள் இஞ்ச குறைவு, அதால தொடுதிரைதான் முதன்மை.

எந்த வகை ஓட்டங்களைச் சேர்க்கிறது எண்டதில எங்களுக்குள்ள ஒரு முடிவு வரேல்லை. பட்டியலில இப்ப எட்டு இருக்கு: றலி, றலிகுறொஸ், சேர்க்கிட் கார் ஓட்டம், மலையேற்ற ஓட்டம், டிராக் (நேர்கோட்டு ஓட்டம்), டிரிஃப்ட் (காரை வழுக்கவிட்டு ஓடுறது), கார்ட் (சின்னத் திறந்த வண்டி), மோட்டோகுறொஸ் (மண் மேடுகளில மோட்டார் சைக்கிள் ஓட்டம்). எங்கட கையிருப்புக்கு மூண்டுதான் தாங்கும். எந்த மூண்டு? எல்லாத்துக்கும் ஒரே ரயர்க் கணக்கு போதுமா, இல்லாட்டி ஒவ்வொண்டுக்கும் வேறயா எழுதோணுமா? றலி வைச்சால் பக்கத்துச் சீற்றில இருந்து வளைவு சொல்லுற குரலைத் தமிழில எப்பிடி அமைக்கிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


செம்புழுதி எழுதியது:

தம்பி, எது பிரபலம் எண்டு பார்த்து மூண்டைத் தெரிஞ்சால் மூண்டு கேம் கட்டவேண்டி வரும். ஒவ்வொரு ஓட்டமும் உங்களிட்ட என்ன வேலை கேக்குது எண்டு பாருங்கோ. ரயருக்கும் தரைக்குமான கணக்கு ஒரு வேலை. பாதை வரையிறது ஒரு வேலை. பக்கத்தில ஓடுற கணினிச் சாரதிகள் பெரிய வேலை. விதிமுறை, தண்டனை நேரம், கொடி இதெல்லாம் இன்னொரு வேலை. ஒரே ரயர்க் கணக்கைப் பகிர்ந்துகொண்டு, விளையாடுறவரிட்ட மட்டும் வேற வேற திறமை கேக்கிற ஓட்டங்கள்தான் ஒரு கேமுக்குள்ள ஒண்டாச் சேரும்.

அப்பிடிப் பார்த்தால் என்ர தெரிவு றலிகுறொஸ், றலி, ஓட்டோகுறொஸ். கடைசியா உள்ளது உங்கட பட்டியலிலயே இல்லை, அதுக்குப் பிறகு வாறன்.

றலிகுறொஸை முதல் கட்டுங்கோ. ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்ச் சுற்று, தாரும் கிரவலும் கலந்த பாதை, ஒரு கட்டத்துக்கு ஐந்து கார் அளவில. தாரில இருந்து கிரவலுக்கு இறங்கிற இடத்தில கார் துள்ளினாலோ, பிடி ஒரேயடியா அறுந்தாலோ, 40 செக்கனுக்குள்ள திரும்பத் திரும்பக் கண்ணில படும். 8 கிலோமீற்றர் றலிப் பாதையில அந்தப் பிழையைத் தேடினால் நாள் போயிடும். ஏ9 ஓரத்தில ஒரு வெட்டையைக் கற்பனை செய்து, பாதி தார், பாதி கிரவல் எண்டு நீங்களே ஒரு சுற்று வரைஞ்சால் போதும்.

அதில ஜோக்கர் சுற்றை விடாதேங்கோ. ஒவ்வொரு சாரதியும் ஓட்டத்தில ஒரு தரம் கட்டாயம் நீளமான மாற்றுப் பாதையால போகவேணும். மாற்றுப் பாதை குறைஞ்சது 2 செக்கன் கூடுதலா எடுக்கிற மாதிரி வைக்கவேணும், இல்லாட்டி எப்ப எடுக்கிறது எண்ட கேள்விக்கே பொருள் இல்லை. கணினிச் சாரதி எந்தச் சுற்றில அதை எடுக்கும் எண்டதை ஓட்டம் தொடங்கேக்கயே சீட்டுக் குலுக்கி முடிவெடுக்க விட்டால் சில நேரம் நாலு காரும் ஒண்டா உள்ள போகும். முன்னால போற காருக்கு ஒரு செக்கனுக்கு உள்ள அரைச் சுற்று மாட்டிக்கொண்டு நிண்டால் அடுத்த வாய்ப்பில எடு எண்டு வையுங்கோ. கடைசிச் சுற்று வரைக்கும் எடுக்காட்டி கட்டாயமா எடு. இந்த இரண்டு விதி காணும்.

கணினிச் சாரதியின்ர வேகத்துக்குப் பெரிய மூளை வேண்டாம். பாதையின்ர நடுக்கோட்டில 2 மீற்றருக்கு ஒரு புள்ளி வைச்சு, ஒவ்வொரு புள்ளியிலயும் வளைவின்ர ஆரையை எடுங்கோ. உராய்வுக் குணகம், 9.81, ஆரை மூண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்த இடத்து உச்ச வேகம். குணகம் 0.55, ஆரை 30 மீற்றர் எண்டால் செக்கனுக்கு 12.7 மீற்றர், அதாவது மணிக்கு 46 கிலோமீற்றர் கிட்ட. பிறகு கடைசிப் புள்ளியில இருந்து பின்னோக்கி வந்து, பிறேக் பிடிச்சுக் குறைக்கக்கூடிய அளவுக்கு முன்னைய புள்ளிகளின்ர வேகத்தை வெட்டிக்கொண்டு வாங்கோ. இந்தப் பின்னோட்டத்தை மறந்தால் கார் வளைவுக்குள்ள வந்துதான் பிறேக் பிடிக்கும். எல்லாக் காரும் ஒரே கோட்டில ஓடினால் ரயில் பெட்டி மாதிரித் தெரியும். ஒவ்வொண்டுக்கும் நடுக்கோட்டில இருந்து ஒன்றரை மீற்றர் வரை தள்ளி ஒரு இடம் குடுத்து, அதை மெதுவா மாற விடுங்கோ.

றலி இதுக்கு நேர் எதிர். பாதை நீளம், ஆனால் கார்கள் ஒரு நிமிசம், இரண்டு நிமிச இடைவெளியில தனித்தனியா வெளிக்கிடும். பக்கத்தில ஆரும் இல்லை, கணினிச் சாரதியே தேவையில்லை. போட்டிக்கு நிழல் கார், அதாவது முந்தி ஓடின ஒரு ஓட்டத்தின்ர பதிவு, போதும். செக்கனுக்கு 10 தரம் இடத்துக்கு மூண்டு எண், திசைக்கு நாலு எண் பதிஞ்சால் ஒரு தரத்துக்கு 28 பைற். நாலு நிமிச ஓட்டம் முழுக்க 66 கிலோபைற்றுக்குள்ள அடங்கும். சேர்வர் ஒண்டும் வேண்டாம், புளூடூத்திலயோ வாட்சப்பிலயோ கூட்டாளிக்கு அனுப்பி "இதை முந்து பாப்பம்" எண்டு விளையாடலாம். டேற்றா கார்ட் போட்டு நெற் பாவிக்கிற பெடியளுக்கு இதுதான் சரி.

ஓட்டோகுறொஸ் எண்டது திறந்த வெளியில கூம்பு வைச்சு, ஒரு கார் தனிய நேரத்துக்கு எதிரா ஓடுறது. வன்னியில மலை இல்லை, ஆனால் தட்டையான வெட்டை தாராளம். ஆவணியில தண்ணி வற்றின குளத்துத் தரை அதுக்கெண்டே செய்த மாதிரி: வெடிச்ச களிமண், நல்ல பிடி, சுற்றிவர குளக்கட்டு. பாதையைச் செதுக்கத் தேவையில்லை, கூம்பு நட்டால் முடிஞ்சுது. புதுசா விளையாட வாறவர் ஹான்ட் பிறேக், எதிர் ஸ்ரியறிங் (பின்பக்கம் வழுக்கிற பக்கத்துக்கே ஸ்ரியறிங்கை வெட்டுறது) பழகிறதும் அங்கதான். கூம்பு ஒண்டு விழுந்தால் 2 செக்கன் கூட்டுங்கோ.

மிச்சத்தை ஏன் விடச் சொல்லுறன் எண்டால், சேர்க்கிட்டுக்குப் பதினைஞ்சு இருபது கார், கொடி, தண்டனை, பிற் (ஓட்டத்துக்கு இடையில ரயர் மாத்துற இடம்) எல்லாம் வேணும். நாட்டில உள்ள கட்டுக்குருந்தைத் தடமும் களுத்துறைப் பக்கத்தில. வன்னிக்கு அது ஒட்டாது. டிராக்கைக் கெதியாச் செய்து முடிக்கலாம், ஆனால் கால் மைல், 402 மீற்றர், நேர்கோடு, கியர் மாற்றுற நேரம் எண்டதுக்கு மேல அதில ஒண்டும் இல்லை. டிரிஃப்டை ஓட்டோகுறொஸுக்குள்ள ஒரு புள்ளிக் கணக்கா வைக்கலாம். கார்ட் வேற இயந்திரம்: ஷொக் அப்சோபர் இல்லை, பின் அச்சில டிஃபரன்ஷல் இல்லை, ஸ்ரியறிங் வெட்டேக்க உள்பக்கப் பின் சில்லு தரையை விட்டு எழும்பினால்தான் அது திரும்பும். அதுக்குத் தனிக் கணக்கு எழுதோணும். மலையேற்றம் நுவரெலியா மகஸ்தொட்டைக்குப் பொருந்தும். றலிக் கணக்கு வந்தபிறகு மேலதிகத் தடமா ஒரு நாள் சேர்க்கலாம். அப்ப ஒண்டை மட்டும் நினைவில வையுங்கோ. நுவரெலியா கடல் மட்டத்தில இருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர். காற்றின்ர அடர்த்தி அங்க ஆறில ஒரு பங்கு குறைவு. ரேர்போ (காற்றை அமுக்கி உள்ள தள்ளுற கருவி) இல்லாத இஞ்சின்ர வலுவையும் அந்த அளவுக்குக் குறைக்கவேணும்.


சில்லுக்கணக்கு எழுதியது:

செம்புழுதி அண்ணையின் தெரிவோடு உடன்படுகிறேன். ரயர்க் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்றுக்கும் ஒரே கணக்கு போதும். ஆனால் கோடோவில் ஆயத்தமாக வரும் வாகனக் கணு (வாகனத்துக்கான கட்டுமானத் துண்டு) போதாது. அதில் சில்லின் பிடிக்கு ஒரே ஒரு எண்தான் உண்டு. தாருக்கும் கிரவலுக்கும் இடையில் உள்ள வேறுபாடு அந்த எண்ணுக்குள் அடங்காது. நான்கு சில்லில் இருந்தும் தரையின் தூரத்தை அளக்கக் கீழ்நோக்கிக் கதிர் விட்டு, ஸ்பிரிங் விசையை நீங்களே எழுதி, அதன் மேல் வழுக்கலில் இருந்து ரயரின் பிடியைக் கணக்கிடும் பசெய்காவின் சூத்திரத்தை வையுங்கள். நான்கு எண்கள் வேண்டும்: விறைப்பு, வடிவம், உச்சம், வளைவு. காய்ந்த தாருக்குப் பரவலாகப் பயன்படும் எண்கள் 10, 1.9, 1, 0.97. இவற்றைப் போட்டால் உச்சப் பிடி ஏறக்குறைய 18 சதவீத வழுக்கலில் (சில்லு சுழலும் வேகத்துக்கும் கார் நகரும் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு) வரும். சில்லு முழுதாக வழுக்கும்போது உச்சத்தில் 91 சதவீதம் மிஞ்சும்.

கிரவலுக்குப் பலர் உச்சத்தை மட்டும் 1இல் இருந்து 0.6க்கு இறக்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது கார் ஐஸில் ஓடுவது போல இருக்கும், கிரவல் போல இருக்காது. கிரவலில் சில்லு கல்லைத் தோண்டிக்கொண்டும் உழுதுகொண்டும் போகிறது. ஆகவே பிடி மெதுவாக ஏறி, வெகு தூரத்தில் உச்சத்துக்கு வந்து, பிறகு விழாமல் நிற்க வேண்டும். 8, 1.2, 0.6, 0 என்று தொடங்கிப் பாருங்கள். உச்சம் 47 சதவீத வழுக்கல் வரை தள்ளிப் போகும், முழு வழுக்கலில் உச்சத்தின் 98 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். பின்பக்கத்தை எறிந்து ஓடும் றலி ஓட்டம் இந்த வடிவத்தில் இருந்துதான் பிறக்கிறது. சில்லு இறுகி நின்றாலும் முன்னால் கல் குவிந்து தடுப்பதால், கிரவலில் ஏபிஎஸ் இல்லாத பிறேக் சில வேளை குறைந்த தூரத்தில் நிறுத்தும். இதே எண்களில் அந்தக் குணமும் ஓரளவு வந்துவிடுகிறது.

முன்பின் வழுக்கலையும் பக்க வழுக்கலையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டாதீர்கள். அப்படிச் செய்தால் முழு பிறேக்கோடு முழு வளைவும் கிடைக்கும், அது பொய். வழுக்கல் விகிதத்தையும் வழுக்கல் கோணத்தின் (சில்லு பார்க்கும் திசைக்கும் அது நகரும் திசைக்கும் இடைப்பட்ட கோணம்) தாஞ்சனையும் ஒரு திசையன் ஆக்குங்கள். அதன் நீளத்தைச் சூத்திரத்துக்குக் கொடுத்து, வரும் விசையைத் திசையன் காட்டும் பக்கத்தின் எதிர்ப்பக்கம் போடுங்கள். ஹான்ட் பிறேக் இழுத்ததும் பின்பக்கம் விடுபடுவது இதனால் தானாகவே வரும், அதற்கென்று தனிக் குறிமுறை எழுத வேண்டாம்.

அடுத்து நேரப் படி. கோடோவின் இயற்பியல் இயல்பாகச் செக்கனுக்கு 60 தரம் ஓடும். 1,100 கிலோ காரில் ஒரு சில்லின் மேல் 2,700 நியூட்டன் சுமை. தாரில் 0.3 மீற்றர் ஆரைக்கு 810 நியூட்டன் மீற்றர் முறுக்கம். சில்லின் சடத்துவம் 1 கிலோகிராம் சதுர மீற்றர் என்றால் ஒரு படிக்குள் சுழற்சி செக்கனுக்கு 13.5 ரேடியன் மாறிவிடும். மணிக்கு 36 கிலோமீற்றரில் சில்லு சுழல்வதே 33 ரேடியன்தான். ஆக ஒரே படியில் 40 சதவீத வழுக்கல். உச்சத்தைத் தாண்டி அப்பால் போய், அடுத்த படியில் திரும்பி வரும். திரையில் கார் நடுங்குவது இதனால்தான். ஸ்பிரிங்கில் பிழை தேடிப் பயனில்லை.

முழு இயற்பியலையும் 240க்கு ஏற்றலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு பிரேமுக்கு எட்டுப் படிக்கு மேல் ஓடாதபடி கோடோவில் இயல்பாக ஓர் எல்லை உண்டு. மலிவான ஃபோனில் காட்சி செக்கனுக்கு 30 பிரேமுக்குக் கீழே விழுந்ததும் கேம் மெதுவாகும். மெதுவான ஃபோன் வைத்திருப்பவருக்கு வளைவெல்லாம் இலகுவாகிவிடும், நேரப் போட்டியே கெட்டுப்போகும். ஆகவே காரின் உடலை 60இல் விட்டு, சில்லின் சுழற்சியையும் ரயர் விசையையும் மட்டும் ஒரு படிக்குள் எட்டுச் சிறு படியாக ஓட்டி, வரும் விசையின் சராசரியை உடலுக்குக் கொடுங்கள்.

மிகக் குறைந்த வேகத்தில் வழுக்கல் விகிதம் பூச்சியத்தால் வகுபட்டு வெடிக்கும். வகுக்கும் வேகத்தைச் செக்கனுக்கு 2 மீற்றருக்குக் கீழே இறங்க விடாதீர்கள். அப்போது குளக்கட்டுச் சரிவில் நிறுத்திய கார் மெல்ல வழிந்து இறங்கும். வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றருக்குக் கீழே போனதும் சில்லு தொட்ட புள்ளியில் ஒரு ஸ்பிரிங்கைக் கட்டிப் பிடித்து வையுங்கள்.

தொடுதிரைக்கு இன்னொன்று. ஸ்ரியறிங்கின் எல்லையை வேகத்தோடு குறைக்க வேண்டும். அச்சிடைத் தூரம் 2.5 மீற்றர், மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் தாரில் வளைவுக்குத் தேவையான கோணம் 2 பாகைகூட இல்லை. அதோடு உச்சப் பிடிக்கான 10 பாகையைக் கூட்டினால் 12. கிரவலில் 26 அளவில் வரும். இந்த எல்லையைக் காரின் மூக்கில் இருந்து அளக்காதீர்கள், கார் உண்மையில் நகரும் திசையில் இருந்து அளக்க வேண்டும். மூக்கில் இருந்து அளந்தால், கார் பக்கவாட்டில் போகும்போது எதிர் ஸ்ரியறிங் வெட்டப் போதிய கோணம் கிடைக்காது, ஒவ்வொரு தரமும் சுழன்று நிற்கும். தொடுதிரை றலிக் கேம்களில் ஆட்கள் வெறுத்துப் போவதற்கு இது ஒன்றே போதும்.

மணல்: உருள் தடைக் குணகம் தாரில் 0.015, தளர்ந்த மணலில் 0.3 வரை. 1,100 கிலோ காருக்கு அது 3,200 நியூட்டன். மணிக்கு 72 கிலோமீற்றரைத் தக்கவைக்க மட்டும் 65 கிலோவாற் வேண்டும், அதாவது ஒரு சிறிய காரின் முழு இஞ்சின். ஆகவே நாயாற்று மணலில் முழுத் தடம் வைத்தால் சலிப்புத் தட்டும். அலை நனைத்து இறுகிய ஓரத்துக்கு 0.05 வையுங்கள். தண்ணீரை ஒட்டி ஓடுபவருக்கு வேகம், ஓர் அடி மேலே ஏறினால் இழுவை. தடத்தின் சுவை அந்த ஒடுங்கிய பட்டையில்தான் இருக்கும்.


கரைச்சிப்பக்கம் எழுதியது:

மிச்சம் நன்றி அண்ணைமார். கார் நடுங்கிறதுக்கு நாங்கள் ஸ்பிரிங்கைத்தான் மாத்திக்கொண்டு இருந்தனாங்கள். ஒரு கேள்வி: வன்னியில வீட்டுக்கு வீடு நிக்கிறது மோட்டார் சைக்கிள். தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில், அநுராதபுரம் சாலியபுர கஜபா சுப்பர்குறொஸ் எல்லாத்திலயும் மோட்டார் சைக்கிள் ஓட்டம் நடந்திருக்கு. அதை முழுக்க விட்டால் பெடியள் கேக்கமாட்டினமா?


மேட்டுப்பாய்ச்சல் எழுதியது:

கேப்பினம். ஆனாலும் முதல் பதிப்பில வேண்டாம்.

நாலு சில்லுக் கணக்கில இரண்டைக் கழிச்சால் சைக்கிள் வராது. சாயிறது, சமநிலை, ஓடுறவரின்ர உடம்புப் பாரம் எல்லாம் புதுசா எழுதோணும். சமநிலையை இயற்பியலிட்ட விட்டால் தொடுதிரையில ஒருத்தரும் 50 மீற்றர் ஓடமாட்டினம். சாய்வை நீங்களே கணக்கிட்டுக் குடுக்கவேணும். வேகத்தின்ர வர்க்கத்தை ஆரையாலயும் 9.81ஆலயும் வகுத்தால் வாறது சாய்வுக் கோணத்தின்ர தாஞ்சன். செக்கனுக்கு 15 மீற்றர், 30 மீற்றர் வளைவு எண்டால் 37 பாகை. உடல் அந்தக் கோணத்துக்கு மெதுவாப் போய்ச் சேரவேணும். உடனே சாய்ஞ்சால் விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும்.

மோட்டோகுறொஸின்ர உயிர் ஆகாயத்திலதான். பாயேக்க அக்சிலேற்றர் முறுக்கினால் முன்பக்கம் எழும்பும், பின் பிறேக் மிதிச்சால் முன்பக்கம் இறங்கும், ஏனெண்டால் பின் சில்லின்ர சுழற்சி கூடிக் குறையேக்க உடல் எதிர்ப்பக்கம் திரும்புது. இது இல்லாட்டி மேடெல்லாம் வெறும் படம். மேட்டின்ர அளவும் கணக்கோட வரவேணும்: 30 பாகைச் சரிவில செக்கனுக்கு 15 மீற்றரில வெளிக்கிட்டால் 20 மீற்றர் கிட்டப் பறக்கும், இறங்கு சரிவு அங்க தொடங்கவேணும். சரிவைத் தவறவிட்டு 2 மீற்றர் உயரத்தில இருந்து தட்டையில விழுந்தால், 30 சென்ரிமீற்றர் ஷொக் முழுதும் அமுங்கினாலும் சராசரி 6 ஜீக்கு (புவியீர்ப்பின்ர ஆறு மடங்குக்கு) மேல அடி. அந்த அடியைக் கேமில காட்டாட்டி ஒருத்தரும் இறங்கு சரிவைக் குறிபார்க்கமாட்டினம்.

இதெல்லாம் செய்து முடிக்கிற நேரத்துக்கு றலிகுறொஸ் முழுசா வெளியில வந்திடும். றலிகுறொஸ் தடத்தில ஒரு 20 மீற்றர் மேடு வையுங்கோ. பெடியள் கேக்கிற பாய்ச்சலில ஒரு பங்கு அதில கிடைக்கும்.


முன்சீற் எழுதியது:

வளைவு சொல்லுற குரல் பற்றி ஒருத்தரும் இன்னும் தொடேல்லை. இதில தமிழுக்கே உரிய சிக்கல்கள் இருக்கு.

வழக்கமான முறையில வளைவை 1 தொடக்கம் 6 வரை எண்ணால சொல்லுவினம். 1 மிக இறுக்கம், 6 கிட்டத்தட்ட நேர். எங்கட பேச்சில ஒண்டு, ரெண்டு, மூண்டு மூண்டும் "ண்டு" எண்டு முடியுது. இஞ்சின் சத்தத்துக்குள்ள முதல் எழுத்து அமுங்கினால் மூண்டும் ஒரே சொல்லுத்தான். அதுவும் இந்த மூண்டுதான் ஆபத்தான வளைவுகள். ஆறை அஞ்சு எண்டு கேட்டால் ஒண்டும் ஆகாது, ஒண்டை மூண்டு எண்டு கேட்டால் கார் பாலைமரத்தில நிக்கும். "ஒன்று, மூன்று" எண்டு எழுத்துத் தமிழில பதிஞ்சாலும் இதே கதைதான். அதால 1க்கும் 2க்கும் எண் வேண்டாம். 1க்கு "ஊசி", 2க்கு "சதுரம்". எண் 3இல இருந்து தொடங்கட்டும்: மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு. நாலும் காதுக்கு வேற வேற.

திசைக்கு வலம், இடம். "இ" குட்டை எழுத்து, சத்தத்தில கெதியா அமுங்கும். பதிவு செய்யேக்க முதல் அசையை அழுத்திச் சொல்லச் சொல்லுங்கோ. ஹெட்போன் போட்டிருந்தால் "இடம்" இடக்காதிலயும் "வலம்" வலக்காதிலயும் கொஞ்சம் கூடக் கேக்கிற மாதிரி வையுங்கோ.

"வெட்டு", "வெட்டாதே" இரண்டையும் சேர்த்துப் பாவிக்கக் கூடாது. வால் கேக்காட்டி எதிர்மாறான கட்டளையாப் போயிடும். உள்பக்கத்தை வெட்டக் கூடாது எண்டதுக்கு "உள்ள கல்லு" எண்டு சொல்லலாம், காரணமும் அதுக்குள்ளயே இருக்கு. "இறுகும்", "இறங்கும்" இரண்டும் இதே மாதிரிக் குழப்பும். "இறுகும்" இருக்கட்டும், இறக்கத்துக்குப் "பள்ளம்". வன்னியில இறக்கமே குளக்கட்டிலயும் மதகிலயும்தான் வரும். மதகை "மதகு" எண்டே சொல்லுங்கோ, சாரதிக்கு அது மேடும் ஒடுக்கமும் எண்டு ஒரே சொல்லில விளங்கும்.

தூரத்துக்கு 30, 50, 100, 150, 200 போதும். 80 வேண்டாம், "அம்பது"வும் "எம்பது"வும் ஒண்டாக் கேக்கும். "நூற்றம்பது" தலை அமுங்கி "அம்பது" எண்டு கேட்டால் சாரதி முந்திப் பிறேக் பிடிப்பார், அது பரவாயில்லை.

ஒழுங்கு தூரம், திசை, அளவு, குறிப்பு: "நூறு, வலம் நாலு, இறுகும்". முழு வசனமாத் தமிழில சொன்னால் முக்கியமான சொல்லு கடைசியிலதான் வரும். இந்த வேகத்துக்கு வினைச்சொல்லுக்குக் காத்திருக்க ஏலாது. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு விதமாப் பதியுங்கோ, தொடர்ந்து போற தொனியில ஒண்டு, முடியிற தொனியில ஒண்டு. ஒரே பதிவை எல்லா இடத்திலயும் ஒட்டினால் பஸ் தரிப்பு அறிவிப்பு மாதிரிக் கேக்கும். எல்லாமாச் சேர்த்து ஐம்பது பதிவுக்குள்ள முடியும்.

எப்ப சொல்லுறது எண்டதை நிலையான தூரத்தில கட்டாதேங்கோ. மணிக்கு 100இல வந்து 40க்குக் குறைக்கக் கிரவலில 60 மீற்றர் வேணும். சொல்லி முடிக்க ஒன்றரைச் செக்கன், கேட்டுக் கால் வைக்க ஒரு செக்கன், அது 70 மீற்றர். ஆக வளைவுக்கு 130 மீற்றருக்கு முதல் வாய் திறக்கவேணும். அதே வளைவுக்கு 60இல வந்தால் பாதித் தூரத்துக்கும் குறைய. வேகத்தைப் பார்த்து ஒவ்வொரு தரமும் கணக்கிடுங்கோ.

நாலு சிலிண்டர் இஞ்சின் நிமிசத்துக்கு 6,000 சுற்றில வெடிக்கிற சத்தம் 200 ஹேர்ட்ஸ், அதுக்கு மேல அடுக்கடுக்கா ஏறும். குரலில 300க்குக் கீழ உள்ளதை வெட்டி, 2,000 – 4,000 பகுதியைத் தூக்குங்கோ. குரல் வரேக்க இஞ்சினை 6 டெசிபெல் இறக்குங்கோ. ஃபோனின்ர சின்ன ஸ்பீக்கரில போட்டுக் கேட்டுத்தான் முடிவெடுக்கோணும்.


ஒழுங்கைமுனை எழுதியது:

தடம் வரையிறது பற்றிச் சில விசயம்.

றோட்டுக் கோடுகளை ஓப்பின் ஸ்ரீற் மப்பில இருந்து எடுக்கலாம். கேமுக்குள்ள அவையின்ர பேரைக் கட்டாயம் போடவேணும். தரை உயரத்துக்கு எல்லாரும் எடுக்கிறது விண்வெளி ஓடத்தில இருந்து ரேடாரால அளந்த 30 மீற்றர்க் கட்டத் தரவு. வன்னியில அதை அப்பிடியே போட்டால் பிழைக்கும். அந்த ரேடார் காட்டுக்குள்ள நிலத்தைப் பார்க்கிறேல்லை, மரத்தின்ர மேற்பகுதியைத்தான் கூடுதலாப் பார்க்குது. பாலையும் வீரையும் நிக்கிற காட்டுக்கும் வயலுக்கும் நடுவில உங்கட தரையில ஒரு மதில் எழும்பி நிக்கும், நிசத்தில அந்த இடம் சமதரை. றோட்டின்ர இரண்டு பக்கமும் 40 மீற்றருக்கு அந்தத் தரவை விட்டிட்டு, ஃபோன் ஜிபிஎஸ்ஸில போகேக்கயும் வரேக்கயும் பதிஞ்ச கோட்டின்ர சராசரியைப் பாவியுங்கோ. உயரத்துக்கு ஜிபிஎஸ்ஸை நம்ப ஏலாது. காற்றழுத்த உணரி உள்ள ஃபோன் நல்லம்: ஒரு ஹெக்ரோபஸ்கால் மாற்றம் எண்டால் 8 மீற்றர் கிட்ட. மதகு ஏற்றமும் குளக்கட்டு ஏற்றமும் அதில தெளிவாத் தெரியும்.

பதியப் போகேக்க பாவனையில உள்ள றோட்டை விட்டு ஓரக்காட்டுக்குள்ள இறங்கவேண்டாம். மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கு. ட்ரோன் விடுறதெண்டால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில பதிவும் அனுமதியும் வேணும்.

ஏ35 தடத்தைப் புதுக்குடியிருப்பு வரைக்கும் வையுங்கோ. அதுக்கு அங்கால முள்ளிவாய்க்கால். அந்த மண்ணில கார் ஓட்டப் போட்டி வைக்கக் கூடாது. மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34 இருக்கு, காடு, மதகு, நீள நேர்கோடு, திடீர் வளைவு எல்லாம் அதில கிடைக்கும்.

கிரவல் றோட்டில கூரைத் தகரம் மாதிரிக் குறுக்கு அலை விழுந்து கிடக்குமே, அதைத் தரையின்ர வடிவத்தில செதுக்காதேங்கோ. அலைக்கு அலை 75 சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ. மணிக்கு 72 கிலோமீற்றரில செக்கனுக்கு 27 அலை. 60 படியில ஒரு அலைக்கு இரண்டு புள்ளிதான் விழும், சில்லு தாறுமாறாத் துள்ளும். அதைச் சில்லின்ர சுமையில ஒரு அதிர்வாக் குடுங்கோ. காரில சில்லும் அச்சும் செக்கனுக்கு 10 – 15 தரம் அதிர விரும்பும், அதால மணிக்கு 30 – 35இலதான் உலுப்பல் உச்சம். அதுக்கு மேல வேகம் கூடக் கூட உடம்புக்கு மென்மையாத் தெரியும், ஆனால் சில்லு அலையின்ர உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு போறதால பிடி குறையும். உலுப்பலைக் குறைச்சு, பிடியையும் கால் பங்கு வரை குறைச்சு விடுங்கோ. இந்த றோட்டுகளில ஓடுற ஆக்கள் அதை உடன கண்டுபிடிப்பினம்.


சில்லுக்கணக்கு எழுதியது:

ஒழுங்கைமுனை சொன்ன அதிர்வுக்கு ஒரு சேர்க்கை. அதை நான்கு சில்லுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். முன் சில்லுக்குக் கொடுத்ததை அச்சிடைத் தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் நேரம் கழித்துப் பின் சில்லுக்குக் கொடுங்கள். மணிக்கு 36இல் 2.5 மீற்றருக்கு கால் செக்கன். இல்லாவிட்டால் கார் முழுவதும் மேலும் கீழும் மட்டும் ஆடும், மூக்குக் குத்தாது.

புழுதியையும் கவனியுங்கள். பெரிய ஒளிபுகும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஃபோனின் காட்சி வேகம் பாதியாக விழும், அதுவும் முன்னால் நான்கு கார் போகும் றலிகுறொஸில். ஒரு காருக்கு 12 படத்துக்கு மேல் வேண்டாம். தூரத்துப் புழுதியை ஒரே ஒரு பெரிய படமாக்கி, அதன் பின்னால் உள்ள காரின் நிறத்தை மங்க வைத்தால் கண்ணுக்குப் போதும். இரண்டாம் கட்டத்துக்கு முன் தண்ணீர் பவுசர் ஓடியது என்று வைத்து, கிரவலின் உச்ச எண்ணை 0.6இல் இருந்து 0.5க்கு இறக்கிப் புழுதியை நிறுத்துங்கள். அதே தடம், அதே கார், ஆனால் பிறேக் பிடிக்கும் இடமெல்லாம் மாறிவிடும்.